சீரோடு போன வாழைக்கன்று

ஆவணி, வெள்ளிக்கிழமை

இலை குறுகி, உச்சியில் கொத்தாகிப்போன வாழைகளைப் போன வாரமே வெட்டிவிட்டேன். பக்கக் கன்றுகள் பச்சையாக இருந்ததால் விட்டுவைத்தேன். இன்று விவசாய ஆபீசர் வந்து பார்த்தார்.

"கன்னையும் கிழங்கோட தோண்டுங்க அம்மணி. தாய்க்கு வந்த நோவு கிழங்கு வழியா இதுக்குள்ளயும் இருக்குதுங்க, வெளிய தெரிய நாளாகும்" என்றார். குருத்தை விரித்து, மடிப்பில் அப்பியிருந்த கரும்பேன் பூச்சியைக் காட்டினார். "இது இங்க சாறு உறிஞ்சிப்போட்டு அடுத்த மரத்துல போய் உக்காந்தா அதுக்கும் நோவுங்க. வெளிய யாருக்காச்சும் கன்னு குடுத்தீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் இரண்டு மாதம் முன்பு, மகள் வீட்டில் பேத்தி காதுகுத்துக்குச் சீரோடு சத்தியமங்கலத்துக்கு இதே வாழைகளின் கன்றுகளையும் கொண்டுபோனேன். சம்பந்தியம்மாள் தங்கள் தோப்பின் நடுவிலேயே நட்டு, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சொன்னால் மகளைப் பேசியே கொல்வார்கள். சொல்லாவிட்டால் தோப்பே போய்விடும், அதற்கும் அவள்தான் பேச்சு வாங்குவாள்.

காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகலாம், கடப்பாரையை எடுத்துக்கொள் என்று மகனிடம் சொன்னேன்.

"அக்கா ஊட்டுக்குச் சண்டைக்காங்கம்மா போறோம்?" என்று சிரித்தான்.

தோண்டுவதை நானே தோண்டிவிடுவேன். அந்த வாசலில் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.