அறுபத்தொன்றாம் மரம்

மார்ச் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஒரே கூச்சல்.

நாளை சாம்பல் புதன். தவக்காலத்துக்கு அப்பா சுருட்டை விடுகிறார், அம்மா மீனை. நான் எதை விடுவது என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. "உன் நாக்கை விடு. வீட்டுல பாதிச் சண்டை தீரும்." சரி. ஈஸ்டர் வரை யாரையும் சுடுசொல் சொல்வதில்லை. எழுதத் தடை இல்லை.

சாயங்காலம் அப்பா ஆபீசிலிருந்து வந்து ஒரு குண்டைப் போட்டார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகள், கான்வென்டில் படித்தவள், இருபத்து மூன்றாகியும் வரன் அமையாதவள் (நான்தான்), ஒரு பால்வெட்டுக்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டுமாம். தோட்ட மானேஜர் பெரிய துரை உத்தரவு. பெயர் சடையன், வயது இருபத்து நாலு. ஓட்டக்காரன். ஈஸ்டர் மறுநாள் குளுவாங் திடலில் விளையாட்டுப் போட்டி. ஒரு மைல் ஓட்டத்தில் ஜெயித்து, மருந்துப் பாட்டில் மேல் எழுதியிருப்பதையும் வாசித்துக் காட்டினால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸருக்குக் கையாள் வேலை.

கால் உள்ளவனுக்குத் தலை எதற்கு? (இது எழுத்து. விரதத்தில் சேராது.)

மார்ச் 7, வியாழன்

முதல் பாடம். நாலு மணி. நான் வராந்தாவில் நாற்காலியில், அவன் படியில். அம்மா கதவோரம் கீரை ஆய்ந்தபடி காவல்.

ரப்பர் பால் நாற்றம். புறங்கையெல்லாம் காய்ந்த பால். ஐந்து எழுத்துக்கு ஒரு மணி நேரம். ஐந்தாவதை மூன்று தரம் இடவலமாகத் திருப்பிப் போட்டான். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அவனே சொன்னான்: "திட்டணும்னா திட்டிருங்க டீச்சரம்மா. இப்படிச் சும்மா பாத்தா பயமா இருக்கு."

சிரித்துவிட்டேன். அம்மா கீரையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மார்ச் 14, வியாழன்

வாங்க வேண்டியது: மை, வெள்ளை நூல், விளக்குத் திரி.

ச. இன்று பன்னிரண்டு சொல் தப்பில்லாமல். மரமண்டைக்கு எப்படி ஏறியது என்று குடைந்தேன். அவன் பால் வெட்டும் நிரையில் மரம் முந்நூறு சொச்சம். மரத்துக்கு ஒரு சொல் வைத்திருக்கிறானாம். முதல் மரம் அயோடின். இரண்டாவது பாண்டேஜ். வேர் புடைத்த மூன்றாவது பாய்சன். வெட்டிக்கொண்டே சொல்லிப் போகிறான். நான் 'காட்டன்' என்று எழுதிக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு மரம் மரமாக நடந்து போய்த்தான் எடுத்து வருகிறான். பதினோராவது மரம், அதனால் கொஞ்சம் நேரமாகும்.

ஊரே மெச்சும் ஓட்டக்காரன், அங்கே மட்டும் ஏன் நடை? ஓடினால் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தட்டிவிடுவானாம்.

மார்ச் 27, புதன்

நல்ல வெயில். அப்பளம் காய வைத்தோம்.

சொற்களை நோட்டில் மர எண் போட்டு எழுதி வருகிறான். 60க்குப் பிறகு 62. நடுவில் ஒரு வரி காலி. ஏன் என்று கேட்டால் பக்கத்தைத் திருப்பினான். பாடம் முடியும் நேரம், டாக்டர் சம்சாரத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டான். ஒய்ஃப் என்றேன். டாக்டர் சம்சாரம் மட்டும்தானா, எல்லார் சம்சாரமும் அப்படித்தானா? எல்லாரும்தான். எழுத்துக் கூட்டச் சொல்லி 61க்கு நேரே எழுதினான். அம்மா அடுப்பைப் பார்க்க உள்ளே போயிருந்தாள்.

"இந்த மருந்து எந்தப் பாட்டில்ல இருக்கு?" என்று கேட்டேன். தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்தது.

இவ்வளவு கறுப்பான காது சிவக்குமா? சிவந்தது. பார்த்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

அம்மாவுக்குத் தலைவலி, படுத்திருந்தாள்.

ச. கேட்டேவிட்டான். "வேலை கெடைச்சா ஆஸ்பத்திரிக்குப் பின்னால தனி வீடு குடுப்பாங்க. அப்ப ஐயாகிட்ட வந்து கேக்கலாங்களா?"

கேள் என்றேன். பிறகு பாடம் ஓடவில்லை. படியில் எறும்பு போவதை இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குத் தெரியாதா? பால்வெட்டுக்காரனுக்கு அப்பா என்னைத் தரமாட்டார், கிணற்றில் தள்ளுவார். டிரெஸ்ஸர் கையாள், ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டவன் என்றால் முணுமுணுத்துக்கொண்டு தருவார். எல்லாம் அந்த வேலையில் இருக்கிறது. வெட்கம் கெட்ட சந்தோஷம் எனக்கு. குசினியில் சமைத்தபடி பாடினேன். அம்மா, தவக்காலம் என்று அதட்டினாள்.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

கஞ்சி. புழுக்கம்.

அப்பா கொண்டுவந்த சேதி: ஒரு மைல் ஓட்டத்தில் சின்னத் துரையும் ஓடுகிறார். சீமையிலிருந்து வந்து ஆறு மாதம். கொக்குக் கால்.

 துரை வந்தால் ஆட்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், ஓரம் நிற்க வேண்டும். போன வருஷம் துரையின் குதிரையைச் சைக்கிளில் தாண்டிப் போனவனுக்கு வேலையிலிருந்து பேர் வெட்டினார்கள். இவன் துரையையே தாண்டினால்?

கோயில் போகிற சாக்கில் வாய்க்கால் பாலத்தில் அவனைப் பிடித்துச் சொன்னேன். சின்னத் துரையை முந்தாதே, மற்ற எல்லாரையும் முந்து, இரண்டாவதாக வா. பெரிய துரை ஜெயிக்கத்தானே சொன்னார் என்றான்.

"அது ஆளுங்களுக்குள்ள ஜெயிக்கிறது. வெள்ளைக்காரனைத் தோக்கடின்னு எந்த வெள்ளைக்காரன் சொல்லுவான்? எங்கப்பா இருபது வருஷமா துரை மூஞ்சியைப் பாத்துப் பொழைக்கிறாரு. எனக்குத் தெரியாதா?"

"என்னால முந்த முடியுங்க."

"தெரியும். வேலை வேணுமா வேணாமா?"

 நீங்க சொன்னா சரி என்றான்.

ஏப்ரல் 22, திங்கள்

குளுவாங். லாரியில் போனோம். தவக்காலம் முடிந்தது, நாக்குக்கு விடுதலை.

திடலை நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் சீனர், மலாய்க்காரர், சீக்கியப் போலீஸ்காரர் எல்லாரையும் தாண்டிவிட்டான். முன்னால் சின்னத் துரை மட்டும், வாயைப் பிளந்துகொண்டு. கடைசி வளைவில் அவர் குதிகாலைத் தொடும் தூரம். நம் ஆட்கள் கத்துகிறார்கள். இவன் இறக்கத்தில் வண்டி மாடு பின்வாங்குகிற மாதிரி உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு ஓடினான். ஒரு முழ வித்தியாசத்தில் இரண்டாவது. மூச்சே வாங்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் தலையசைத்தேன்.

அப்புறம்தான் பெரிய துரை முகத்தைப் பார்த்தேன். அவருடைய வேட்டை நாயின் கயிற்றைச் சின்னத் துரை வாங்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது அப்பா சொன்னார். பெரிய துரை கிளப்பில் அந்த நாயை வைத்துச் சின்னத் துரையிடம் பந்தயம் கட்டினாராம், என் கூலி உன்னை ஜெயிப்பான் என்று. கிளப்புச் சமையல்காரனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஆபீஸ். பாடம் சொல்லிக்கொடுத்தவள் என்று என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய துரைக்குத் தமிழ் நன்றாக வரும், திட்டுகிற தமிழ்.

சின்னத் துரை கைக்கூலி கொடுத்தாரா, மெதுவாக ஓடச் சொன்னது யார் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, கால் வரவில்லை என்றான் ச. இரண்டு மூன்று தரம் கேட்டும் அதே பதில். துரை என் பக்கம் திரும்பினார்.

"இவன் உன்கிட்ட எதாச்சும் சொன்னானா? யாரு சொல்லிக் குடுத்தது?"

அப்பா என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிராணி வேலை, இந்த வீடு, தம்பியின் படிப்பு. எல்லாம் ஒரு நொடியில் வந்து போனது.

"தெரியாதுங்க துரை" என்றேன்.

ச. என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலில் ஒரு பாட்டில் இருந்தது. யாரும் கேட்காமலே அவன் அதைப் பார்த்து, "அயோடின், துரை" என்றான். முதல் மரம். தப்பில்லை. துரை சிரித்துவிட்டு, தோட்டத்தை விட்டுப் போக இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ் எழுதச் சொன்னார். எழுதியது அப்பா.

ஒரு நாய்க்கு.

ஏப்ரல் 24, புதன்

தூறல். இரண்டு மணிக்கு ஸ்டேஷன் லாரி. அவன் அம்மா, ஒரு பாய் மூட்டை, ஒரு கோழி. கெலாங் பாத்தா பக்கம் அன்னாசித் தோட்டத்துக்குப் போகிறார்களாம். அங்கே மரம் கிடையாது.

அதற்கு முன் நோட்டைத் திருப்பித் தர வந்தான். நான் கோயிலுக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். கதவுக்குப் பின்னால் நின்றேன். என் செருப்பு படியிலேயே கிடந்தது, மழையில் நனைந்துகொண்டு. பார்த்திருப்பான். சரிங்கம்மா என்றான். குனிந்து செருப்பை எடுத்து வராந்தாவுக்குள் நனையாத இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.

வாயைத் திறந்திருக்கலாம். "நான்தான் சொன்னேன்" என்று நேற்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் விரதம் முடிந்து மூன்று நாள்.

ஏப்ரல் 25, வியாழன்

ஜுரம் என்று படுத்துக்கொண்டேன். ஜுரம் இல்லை.

நோட்டைத் திறந்தேன். 1 முதல் 60 வரை இருக்கிறது. 62 குயினைன். 61க்கு நேரே ஓட்டை. எச்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறான், தாள் கிழியும்வரை.

ஏப்ரல் 27, சனி

வெயில். அப்பா மறுபடி சுருட்டு. அம்மா சுறாப்புட்டு செய்தாள். சாப்பிட்டேன்.

அப்பா சொன்னார்: பெரிய துரைக்கு நாயை மீட்க வேண்டுமாம். வேறு ஓட்டக்காரன் பிடித்துவிட்டார். பத்தொன்பது வயசுக்காரன். அவனுக்கும் அதே வேலை, அதே பாட்டில். திங்கள் நாலு மணிக்கு வருவான், சடையன் நோட்டில் மிச்சப் பக்கம் இருந்தால் அதையே கொடுத்துவிடு என்றார்.

சரிப்பா என்றேன்.