பதினோராவது அழைப்பு

இன்று காலை ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து அலுவலகம் வந்து சேர்வதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டேன். கம்பளிச் சட்டையைக் கழற்றி, சர்வரின் பின்பக்கம் சூடான காற்று வருமே, அங்கே நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முதுகில் விரித்தேன். ஐந்து நிமிடத்தில் அறை முழுக்க அந்த வாசனை. ஈரக் கம்பளி சூட்டில் காய்கிற, ஆட்டுப்பட்டி வாசனை. சத்தியமாகச் சொல்கிறேன், நீ நிற்கிறாயா என்று திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"உலகத்துலயே சர்வர்ல சொக்ஸ் காயப் போடுற ஆளுங்க நாம ரெண்டு பேருதான்டி" என்பாய். சொல்லிவிட்டு நீதான் முதலில் காயப் போடுவாய்.

ஐந்து வருடம் இந்த அறையில் நாம் இருவரும் ஒரே வேலையைத்தான் பார்த்தோம். நோர்வூட் தொடங்கி திம்புள்ள வரைக்கும் பதினொரு தோட்டங்கள். சரிவுக்குக் கீழே கட்டிய லயங்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகள். அவற்றின் தலைக்கு மேலே நட்டு வைத்த மழைமானிகள், எவ்வளவு மழை என்று இந்த லினக்ஸ் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு மீறினால் சர்வர் அந்த லயத்துச் சைரனை அலற வைக்கும். ஆட்கள் குழந்தை குட்டிகளோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். சர்வர் நின்றால் சைரன் ஊமை.

அந்தச் சர்வரையும் சில நாள் நிறுத்தித்தான் ஆகவேண்டும். சர்வரில் ஓடும் பழைய பதிப்புக்கு, அதாவது பழைய சர்வீஸ் பேக்குக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஒருநாள் நின்றுவிடும். பிறகு திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதைதான். அதற்கு முன்னால் அடுத்த சர்வீஸ் பேக்குக்கு ஏற்ற வேண்டும். ஏற்றும்போது குறைந்தது ஒரு மணி நேரம் பதினொரு சைரனும் ஊமை.

ஊர் உலகத்தில் எல்லாரும் இந்த வேலையை நடுச்சாமத்தில் செய்வார்கள். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஆளுங்க தூங்குறப்ப மெஷினையும் தூங்க வைக்கவா? பகல்ல செய்யி" என்றாய். வானம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, காலை பத்து மணிக்குத்தான் கை வைப்பாய். அதற்கு முன்னால் பதினொரு லயத்துக்கும் அழைப்பு எடுப்பாய். ஒவ்வொன்றிலும் மழையைப் பார்க்க ஒரு ஆள், பக்கத்திலேயே தப்புப் பறை அடிக்க ஒருவர். அதுவும் சாவு அடி இல்லை, திருவிழா அடி இல்லை. விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அந்தக் காலத்தில் அடித்த பெரட்டு அடி. "பெரட்டு அடிய பட்டப்பகல்ல அடிச்சா என்னமோ ஏதோன்னு எல்லாரும் வெளிய வருவாங்கள்ல, அதான் வேணும்."

நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! கம்ப்யூட்டர் படித்தவள் தப்புக்காரரைத் தேடிப் போகிறாள் என்று. பயந்தாங்கொள்ளி என்றே உனக்குப் பெயர் வைத்திருந்தேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று ஒருநாள் சொன்னதற்கு, வேலை முறையெல்லாம் எழுதி வைக்கிற உன் கொப்பியிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாய்: "அரளாதவன் கண்ணுக்குப் பேயே வந்தாலும் தெரியாதுடி."

உன் வீடு பதினோராவது லயத்தில். அங்கே சிக்னல் என்று ஒன்று கிடைத்தால் அது உங்கள் வாசற்படியில் மட்டும்தான். அதனால் அப்டேட் நாட்களில் உன் போனை அம்மாவிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வேலைக்கு வருவாய். கொப்பியில் பதினோராவது லயத்துக்கு நேரே உன் நம்பரையே எழுதி வைத்திருந்தாய்.

போன மாசியில், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தை இதுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. உன் மேல்தான் ஆத்திரம்.

ஐப்பசியில் கொழும்பிலிருந்து மேலதிகாரி சேர் அழைத்துச் சொன்னார், இந்த மாதத்தோடு பழையதற்குத் திருத்தங்கள் எல்லாம் நின்றுவிடும், ஏற்றிவிடு என்று. தனியாக ஏற்ற வேண்டும். உன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டேன். முதலில் ஸ்னாப்ஷாட், அதாவது இந்த நிமிடம் சர்வர் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்து வைக்கும் பிரதி. கெட்டுப்போனால் அதற்குத் திரும்பலாம். எடுத்தேன். வெளியாரிடம் வாங்கிப் போட்ட மென்பொருள்களை நிறுத்தி வை என்றிருந்தது. நிறுத்தினேன். பிறகு அழைப்புகள்.

பத்து லயங்களுக்கு அழைத்தேன். பதினோராவது வரியில் விரல் நின்றுவிட்டது.

நீ போன பிறகு அந்த நம்பரை நான் தொடவே இல்லை. போனில் உன் பெயரைத் தட்டினால் திரையில் உன் படம் வரும், அக்கரப்பத்தனைப் பக்கம் மழையில் சிரித்துக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம். யாராவது எடுத்தாலும் பயம், எடுக்காவிட்டாலும் பயம். வெளியே பார்த்தேன், பளிச்சென்று வெயில். ஒரு மணி நேரந்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொப்பியை மூடி வைத்தேன்.

ஏற்றும் வேலை ஒழுங்காகத்தான் போனது. ரீஸ்டார்ட்டில் நின்றது. திரையில் ஒரே ஒரு வரி. சைரன்களோடு பேசுகிற மோடத்தை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்காகக் காத்திருக்கிறதாம். பழைய டிரைவரும் புதிய சர்வீஸ் பேக்கும் ஒத்துப்போகவில்லை. ஐந்து நிமிடம் பார்த்தேன், பத்து நிமிடம் பார்த்தேன். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தால், இங்கே வெயில் அப்படியே இருக்கிறது, நோர்வூட் பக்கம் உங்கள் லயத்துக்கு மேலே நிற்கிற மலையைக் காணவில்லை. மழைக் கருக்கல் மூடிவிட்டது.

மழைமானி என்ன சொல்கிறதென்று பார்க்கவும் வழியில்லை, பார்க்க வேண்டிய சர்வர்தான் செத்துக் கிடக்கிறதே. உங்கள் லயத்தை ஒட்டித்தானே பிள்ளைக்காம்பரா? கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுப்போன கைக்குழந்தைகள் அங்கேதானே இருக்கும்? அந்த நேரத்தில் உன் படத்துக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்த என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. தட்டினேன். நீ மழையில் சிரித்தாய். மூன்று முறை மணி அடித்தது.

"யாரு... புள்ளயா?" அம்மாவின் குரல்.

"அம்மா, நான்தாம்மா. அங்க மழையா?"

"ஊத்துது தாயி. பீலித் தண்ணி செம்மண்ணா வருது." மலையிலிருந்து குழாயில் இறங்குகிற பீலித் தண்ணீர் சிவந்தால், மேலே மண் இளகுகிறது என்று அர்த்தம்.

"அம்மா, சைரன் அடிக்காதும்மா! மெஷின் நின்னு போச்சு. பெரட்டு அடிக்கச் சொல்லுங்க. புள்ளைங்கள மொதல்ல தூக்கச் சொல்லுங்க."

ஒரு கேள்வி கேட்கவில்லை அம்மா. போனைக்கூட வைக்கவில்லை, படியில் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். மழை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தப்பு. பட்டப்பகலில் பெரட்டு அடி. கதவுகள், குழந்தைகள் அழுகிற சத்தம், யாரோ பெயர் பெயராகக் கூப்பிடுகிற சத்தம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து, சர்வரைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். அது எழுந்து நிற்க இருபது நிமிடம் எடுத்தது. எழுந்ததும் முதல் வேலையாக உங்கள் லயத்துச் சைரனைத்தான் அலற விட்டது. அப்போது லயத்தில் யாரும் இல்லை.

மண் பெரிதாக ஒன்றும் வரவில்லை என்று தோட்டத்தில் சொன்னார்கள். பீலிக்கரையை மூடி, பிள்ளைக்காம்பராவின் பின்சுவரைத் தள்ளி, தொட்டில்கள் கட்டுகிற மூலை வரைக்கும் வந்து நின்றதாம். பெரிதாக ஒன்றும் இல்லையாம்.

மறுநாள் போனேன். உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும், பயத்தில் விட்டுவிட்டேன் என்று. திட்டுவார் என்று நினைத்தேன். அம்மா உன் போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சிம்மு செத்துறக் கூடாதுன்னு மாசா மாசம் ரீலோட் போட்டு, சார்ஜ் போட்டு வச்சிருக்கேன் தாயி. ஆனா எனக்கும் அது அடிச்சிறக் கூடாதுன்னு பயந்தான். நேத்து அடிச்சுச்சு பாரு, அவதான்னு நெனச்சு ஓடுனேன்."

இரண்டு பேரும் அழுதோம். வேறென்ன செய்வது?

புதிய டிரைவர் வந்த பிறகு, அடுத்த வாரமே மறுபடி ஏற்றினேன். இந்த முறை ஏறிவிட்டது. இப்போது உன் சொக்ஸ் காய்ந்த இடத்தில் என் சட்டையைக் காய வைத்துக்கொண்டிருக்கும் இது புதிய சர்வீஸ் பேக்தான். அடுத்ததும் வரும், அதற்கடுத்ததும் வரும். நீ இருந்தவரைக்கும் நம் இருவருக்குமான பயத்தையும் நீயே பட்டுக்கொண்டாய், அதனால் நான் வீராங்கனையாகத் திரிந்தேன். இப்போது அது முழுதும் என் வயிற்றில் இருக்கிறது. இறக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை.

கொப்பியில் உன் நம்பரை மாற்றவில்லை. வரிசையை மட்டும் மாற்றிவிட்டேன். சர்வரில் கை வைப்பதற்கு முன்னால் முதல் அழைப்பு உனக்குத்தான். நீ மழையில் சிரிப்பாய். அம்மா எடுப்பதற்குள் மூன்று முறை மணி அடிக்கும். மூன்று முறையும், நீயே எடுத்துவிடுவாயோ என்று போனைக் காதோடு அழுத்திப் பிடிப்பேன்.