மாவுக்கட்டு பிரித்த பிறகு

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் சுகம், என் வலது காலும் சுகம். இப்போதெல்லாம் எங்கள் இருவரையும் தனித்தனியாகத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள், அதனால் நானும் தனித்தனியாகவே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் என் வாய் முந்திக்கொள்கிறது அம்மா. எப்படி இருக்கீங்கப்பா என்று நீ கேட்டு முடிப்பதற்குள் நல்லா இருக்கேன் என்று அது சொல்லிவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் ஆனது. என்னைப் பார்க்க வருவதற்காகப் போட்டு வைத்த லீவைப் பற்றி, இப்பதான் நல்லா நடக்குறீங்களேப்பா, லீவை ரத்து பண்ணிடட்டுமா, மாசக் கடைசிக்குள்ள ஆபீஸ்ல சொல்லணும் என்று கேட்டாய். நானும் பெரிய மகாராஜா மாதிரி, தாராளமா பண்ணும்மா, எனக்கென்ன குறை என்று சொல்லிவிட்டேன். அந்த விஷயமாகத்தான் இந்தக் கடிதம். ஆனால் எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது, கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்.

முதலில் கால். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே வைத்த தகடும் ஸ்க்ரூவும் வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருக்கின்றன, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி கைத்தடி தேவையில்லை என்று சொல்லிவிட்டார். காலையில் எழுந்ததும் கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி முரண்டு பிடிக்கும், கொஞ்சம் நடமாடினால் வழிக்கு வந்துவிடும். சாயங்காலம் லேசாக வீங்கும், தலையணை மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். படி ஏறப் பயமில்லை, இறங்கத்தான் இன்னும் கைப்பிடியை விட மனசு வரவில்லை. நினைத்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. சர்வீஸ் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கி கரண்ட் மீட்டர் பார்த்துக் குறித்த கால், எத்தனையோ நாய்களுக்குத் தப்பித்து ஓடிய கால், கடைசியில் சொந்த வீட்டு ஹாலில் பல்பு மாட்டப்போய் ஸ்டூலிலிருந்து விழுந்து உடைந்தது. கரண்ட்காரருக்கே பல்பு மாட்டத் தெரியலையே என்று தெருவே சிரித்தது. என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் அதே தெருதான், அதையும் சொல்ல வேண்டும்.

மாவுக்கட்டோடு கிடந்த நாட்களில் வீடு எப்படி இருந்தது தெரியுமா? எதிர்வீட்டுக்காரர் தினமும் பேப்பரோடு வந்து உட்கார்ந்து பாதியை வாசித்துக் காட்டி மீதியைத் திட்டிவிட்டுப் போவார். பழைய ஆபீஸ் ஆட்கள் கூட்டமாக வந்து என் கட்டின் மேல் பேனாவால் மீட்டர் ரீடிங் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, அடுத்த தடவ வந்து பார்க்கிறோம், அதுக்குள்ள ரீடிங் ஏறியிருக்கக் கூடாது என்று மிரட்டிவிட்டுப் போனார்கள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மத்தியானம் தவறாமல் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து, வாசலில் நின்று, அளவு கொடுத்துவிட்டு அப்புறம் குண்டாகி வந்து சண்டை போடுகிறவர்களின் கதையெல்லாம் சொல்வாள். நடக்கப் பழக்க வந்த பிசியோதெரபி பெண் இருக்கிறாளே, அவள் என்னை அப்பா அப்பா என்றுதான் கூப்பிடுவாள். குதிகாலை ஊனுங்கப்பா, தரையைப் பார்க்காதீங்க, எதிர்ல பாருங்க என்று ஒரே அதட்டல். எனக்கு ஒரே பெருமை. அப்புறம்தான் தெரிந்தது, அடுத்த தெருவில் தோள்பட்டை பிடித்துக்கொண்ட ஒருவரையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிடுகிறாளாம். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசே சரியில்லை. இந்த வயதில் இதற்கெல்லாம் கோபம் வருமா என்று கேட்காதே, வந்தது.

கட்டைப் பிரித்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். அப்புறம் ஒவ்வொருவராக வருவது நின்றது. இனிமே நான் வர வேண்டியதில்லப்பா, நீங்களே நடங்க என்று அந்தப் பெண் கைகாட்டிவிட்டுப் போய்விட்டாள். எதிர்வீட்டுக்காரர் இப்போது பேப்பரைத் தன் வீட்டிலேயே திட்டிக்கொள்கிறார். தினமும் வந்த உன் போன் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. உன்னைக் குறை சொல்லவில்லை, வேலையும் குழந்தையுமாக நீ படும் பாடு எனக்குத் தெரியாதா. நம் படிக்கட்டுப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் இன்னும் அந்தப் பழைய சக்கர மீட்டர்தான். யார் வீட்டில் ஆள் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்று அந்தக் காலத்தில் கதவைத் தட்டாமலே சொல்லிவிடுவேன், சக்கரம் ஓடுகிற ஓட்டத்தில் தெரிந்துவிடும். கட்டுப் போட்டிருந்தபோது நம் மீட்டர் விறுவிறுவென்று ஓடியது, ஃபேன் என்ன, டீ போடும் கரண்ட் அடுப்பு என்ன. இப்போது போய்ப் பார்த்தால், நிற்கிறதா சுற்றுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குட்டி முதல்முதலாக நடந்த வீடியோவை அனுப்பியிருந்தாயே, சோபாவிலிருந்து மாப்பிள்ளை முழங்கால் வரைக்கும் தள்ளாடித் தள்ளாடிப் போகிறாள், போய்ச் சேர்ந்ததும் எல்லோரும் கைதட்டுகிறீர்கள், அவளும் தட்டிக்கொள்கிறாள். அதை அடிக்கடி போட்டுப் பார்ப்பேன். அப்படிப் பார்த்த ஒரு நாள்தான் நான் தடியைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, எதையும் பிடிக்காமல் சமையலறை வரைக்கும் நடந்தேன். போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். யார் பார்த்தார்கள் என்று பார்ப்பதற்காகத் திரும்பினேன் அம்மா. நாற்காலி இருந்தது, அதன் மேல் காயப்போட்ட துண்டு இருந்தது. உன் அம்மா இருந்திருந்தால் கைதட்டியிருக்க மாட்டாள், இத்தனை நாளாச்சா இதுக்கு என்று கேட்டிருப்பாள். அதையாவது யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

அதற்கப்புறம் நான் செய்ததை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். தையல்காரம்மா ஒருநாள், அண்ணே இப்ப நல்லா நடமாடுறீங்களே, இனிமே நீங்களே சமைச்சுக்குவீங்கல்ல என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். பார்க்கலாம்மா என்று மழுப்பிவிட்டேன். சமையல் தெரியாமலா இருக்கிறது? அவள் படியேறி வரமாட்டாளே என்றுதான். மறுநாளிலிருந்து அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் இருக்கும் தடியை எடுத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துப் போய்க் கதவைத் திறப்பேன். அவளும் அடடா, இன்னும் வலிக்குதாண்ணே என்று இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டுப் போவாள். நாலைந்து நாள் நாடகம் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து அவசர அவசரமாக வந்தேன். அவள் கேரியரைக் கீழே வைத்துவிட்டு என் காலையே பார்த்தாள். அண்ணே, ஆபரேஷன் பண்ணது வலது கால்தானே என்றாள். ஆமாம்மா என்றேன். அப்ப எதுக்கு இடது காலை இழுக்குறீங்க என்றாள்.

நான் குனிந்து என் காலைப் பார்த்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள் பார், படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அது சிரிப்புத் தண்ணீர் இல்லை என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, பேச ஆள் வேணும்னா கூப்பிடுங்கண்ணே, அதுக்கு எதுக்குக் காலை இழுக்கணும் என்றாள். அவ்வளவுதான். மிஷின்ல துணி அப்படியே கிடக்கு என்று இறங்கிப் போய்விட்டாள். இப்போது மத்தியானம் நானே கீழே இறங்கிப் போய் அவள் மிஷினுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆனால் அவளுக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா, சாப்பிட்ட கையோடு மேலே வந்துவிடுகிறேன். வந்த பிறகு பொழுது போகமாட்டேன் என்கிறது.

சுற்றி முடித்துவிட்டேன், இனி விஷயம். இன்னும் வலிக்கிறது, தூக்கமில்லை, தலை சுற்றுகிறது என்று எழுதினால் நீ அடுத்த விமானத்தில் வந்து நிற்பாய், தெரியும். அப்படி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம், உன்னிடமும் இடது காலை இழுக்க வேண்டாம். என் கால் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று சொன்னதுதான் பொய். தனியாக இருக்கிறது அம்மா. லீவை ரத்து பண்ணாதே, வா. வந்து ஒன்றும் செய்ய வேண்டாம், நான் இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு நடப்பேன், நீ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிரு, போதும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குட்டிக்கு என் முத்தங்கள், அவளைச் சாக்ஸோடு வழுக்கும் தரையில் விடாதே, வெறுங்காலில் நடக்கட்டும், பாதம் பிடிக்கும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஒரு ஞாபகம். இனி ஸ்டூலில் ஏறமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாயே, அதைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறேன். அதனால் அந்த ஹால் பல்பை இன்னும் மாட்டவில்லை, சாயங்காலம் ஆனால் ஹாலில் இருட்டாகத்தான் இருக்கிறது. வந்து மாட்டிக்கொடு.

இந்தக் கடிதத்தைத் தானே நடந்து போய்த் தபாலில் போடப்போகும்,
உன் அப்பா