சண்டைக்குப் பன்னிரண்டு நாள் முன்னால்

7-11-71, ஞாயிறு

என் எழுத்து கோணல். கோடு போட்ட நோட்டிலும் மேலே ஏறுகிறது, கீழே வழிகிறது. இதைப் படிக்கப்போவது நான் ஒருவன்தான். ஆகவே என்னிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உப்பு வாருபலகை பிடித்த கைக்குப் பென்சில் இருப்பதே தெரியவில்லை, நழுவுகிறது. இவ்வளவு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. இருந்தாலும் என்ன சந்தோஷம்! அறுபத்தேழு வயதில் சவரிமுத்து எழுதுகிறான்!

மழைக்காலம். உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. சாயங்காலம் கோயில் பள்ளிக்கூடத்தில் சூசைமேரி டீச்சர் எங்களைப் போன்ற கிழங்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். பட்டாளத்தில் இருக்கும் என் மகன் அருள்பிரகாசத்தின் கடிதத்தை நானே படிக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு பாடு.

10-11-71

டீக்கடையில் பேப்பரின் தலைப்பை எழுத்துக்கூட்டி முழுதாகப் படித்தேன். "நாம் போரை விரும்பவில்லை." கடைக்காரன் கலியமூர்த்தி கைதட்டினான். இதுவரை அவன் படிப்பான், நாங்கள் கேட்போம்.

"ஏம்பா, போரை விரும்பலன்னா என் பையனுக்கு லீவு ஏன் இல்லேன்றான்? திரிபுரா எல்லையில எதுக்கு உட்கார வெச்சிருக்கான்?" என்றேன்.

"அகதிங்க வர்றாங்க இல்ல, அதைப் பார்த்துக்கத்தான் பெரியவரே."

அகதிக்குக் கஞ்சி ஊற்ற பீரங்கி எதற்கு?

எல்லைக்கு அந்தப் பக்கத்து சர்க்கார் பேச்சு இன்னும் அழகு. அங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் உடன்பிறந்தவர்களாம், ஒரே நாடாம். அதனால்தான் சுடுகிறார்களாம்.

18-11-71

கடிதம்! கவரில் அகதி நிவாரண ஸ்டாம்பு புதிதாக ஒட்டியிருக்கிறது என்று தபால்காரர் நம் ஊர்க் கடிதங்களைக் காட்டினார். பட்டாளத்துக் கடிதத்தில் ஸ்டாம்பு கிடையாது, முத்திரைதான். மருமகள் சகாயமேரி பிரிக்க வந்தாள். "விடும்மா, நான் படிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அரை நாள் ஆயிற்று. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், பாவம்.

நடுவில் நாலு வரி மேல் பட்டாளத்துத் தணிக்கைக்காரர்கள் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். மை பூசாத இடத்தில் இப்படி இருக்கிறது: "அப்பா, போன மாசம் கேம்ப்பில் போட்ட உப்பு ரயிலில் வந்தது, கட்டி கட்டியாக இருந்தது. இப்போது நாங்கள் இருக்கும் ஊர்ச் சந்தையில் உப்பு கறுப்பு, சேறு கலந்து ஈரமாக இருக்கிறது. கடலோரத்திலிருந்து தோணியில் ஆற்றுவழி வருதாம். நீங்கள் பார்த்தால் காறித் துப்புவீர்கள்."

சிரித்தேன். உப்புக்காரன் பிள்ளை எங்கே போனாலும் உப்பைத்தான் பார்க்கிறான்.

19-11-71

டீச்சரிடம் தேசப்படம் கேட்டேன். திரிபுராவை விரலால் காட்டினார். கடலே இல்லை. கடலும் கடலுக்குப் போகும் பெரிய ஆறும் எல்லைக்கு அந்தப் பக்கம். அப்படியென்றால் தோணி உப்பு விற்கும் சந்தையில் என் பையன் என்ன செய்கிறான்?

டீச்சர் படத்தைச் சுருட்டிவிட்டார். "தாத்தா, இதை வெளியில பேசாதீங்க" என்றார்.

23-11-71, செவ்வாய்

கலியமூர்த்தி படித்தான்: நம் பட்டாளம் எல்லையைத் தாண்டவே இல்லை, அது எதிரி கட்டிவிட்ட பொய்.

எனக்குப் பொறுக்கவில்லை. படிக்கத் தெரிந்த திமிர் வேறு. சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை கேட்க, உப்பு வரிகளைச் சத்தமாகப் படித்தேன்.

"கள்ளக்கடத்தல் உப்பா இருக்கும்பா" என்றான் ஒருவன்.

"டேய், உப்பைக் கடத்தி எவன்டா பணக்காரன் ஆனான்?"

எல்லாரும் சிரித்தார்கள். கலியமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, "மை பூசுறவன் விட்டுட்டதை நீ ஊருக்குப் படிச்சுக் காட்றியே. மேல தெரிஞ்சா யாருக்கு வினை? உனக்கா, அருளுக்கா?" என்றான்.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். இந்தப் படிப்பு எனக்குத் தேவையா?

25-11-71

இன்றைய பேப்பர்: நம் பட்டாளம் தாண்டியது, ஆனால் தற்காப்புக்காக மட்டும்.

முந்தாநாள் போகவே இல்லை. இன்று போனது, தற்காப்புக்கு. அடுத்தவன் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என் வீட்டைக் காக்கிறேன் என்கிறார்கள். ஒரு பொய்யையாவது ஒரு வாரம் வைத்துக் காப்பாற்றத் தெரிய வேண்டாமா?

கடிதம் இல்லை.

1-12-71

கடிதம் இல்லை. நான் படித்ததை யாராவது எழுதிப் போட்டுவிட்டார்களோ?

4-12-71

நேற்று எதிரி விமானத்தில் வந்து குண்டு போட்டான். இப்போது போர் என்று சொல்லிவிட்டார்கள். நம்மேல் திணிக்கப்பட்ட போராம். டீக்கடையில் எல்லாருக்கும் நிம்மதி மாதிரி முகம். இனிமேல் காரணம் தேட வேண்டாம் அல்லவா.

கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினேன். சகாயமேரி தனியாக ஒன்று ஏற்றினாள்.

12-12-71

கார்டு வந்தது. அருளின் கையெழுத்து இல்லை, வேறு யாரோ எழுதியது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிர் இருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நவம்பர் இருபத்தொன்றாம் தேதி கண்ணிவெடி.

இருபத்தொன்று. நான் கடையில் கத்துவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே கால் போய்விட்டது. என்னால் இல்லை. என்னால் இல்லை என்று சந்தோஷப்படுகிறேனா, சே.

நானே சகாயமேரிக்குப் படித்துச் சொன்னேன். "கால்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். "படிங்க மாமா" என்றாள்.

17-12-71

ஜெயித்துவிட்டோம். கலியமூர்த்தி எல்லாருக்கும் இனாம் டீ கொடுத்தான். நான் வாங்கவில்லை. அகதிகள் பாரம் தாங்காமல் போனோமா, தற்காப்புக்குப் போனோமா, புது நாடு வாங்கிக் கொடுக்கப் போனோமா? யாரும் கேட்கவில்லை. ஜெயித்தவனிடம் யார் கேட்பார்கள்?

8-2-72

அருள் வந்து நாலு நாள் ஆகிறது. ஊன்றுகோல். அளத்தில் பாத்தி மிதிக்கும் காலம் இது. தரை இறுகினால்தான் உப்பு விளையும். மிதிக்க இரண்டு கால் வேண்டும்.

போரில் அடிபட்டவர்களுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்று இருவரும் பஸ் ஏறி சர்க்கார் ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார், நாள்காட்டியைப் பார்த்தார்.

"போர் ஆரம்பிச்சது டிசம்பர் மூணு. உங்க பையன் அடிபட்டது நவம்பர் இருபத்தொண்ணு. பன்னண்டு நாள் முன்னாடி. இது போர்க்காயத்துல வராதுங்க."

"அப்ப இன்னா காயங்க இது?"

"எல்லைக் காவல்ல ஏற்பட்ட விபத்துன்னு போட்டிருக்கு."

"எந்த எல்லைங்க? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அருள் என் கையைப் பிடித்து இழுத்தான். "வாப்பா, போலாம்." குமாஸ்தா, எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். எழுதத் தெரியாத கிழவன் என்று நினைத்திருப்பார்.

13-2-72, ஞாயிறு

மனு எழுதி முடித்தேன். மூன்று காகிதம் கிழித்தேன். டீச்சர் திருத்த வந்தார், வேண்டாம் என்றேன்.

"ஐயா, நவம்பர் இருபத்திமூன்று பேப்பரில் நாம் எல்லையைத் தாண்டவில்லை. நவம்பர் இருபத்தைந்து பேப்பரில் தற்காப்புக்குத் தாண்டினோம். டிசம்பர் நாலில் போர். என் மகன் கால் நவம்பர் இருபத்தொன்றில் போனது. தாண்டவில்லை என்றால் அந்தப் பக்கத்துக் கண்ணிவெடி இந்தப் பக்கம் நடந்து வந்ததா? தற்காப்பு என்றால் தற்காத்தவனுக்கு ஏன் வேலை இல்லை? இந்த மூன்றில் எது உண்மை என்று சர்க்கார் எழுதிக் கொடுத்தால், அதில் என் மகன் காலை எங்கே சேர்ப்பது என்று நான் சொல்கிறேன்."

அருள் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தான். வந்த பிறகு முதல் சிரிப்பு. பிறகு, "அனுப்பாதப்பா" என்றான். பிறகு, "சரி, அனுப்பு" என்றான்.

நாளை முதல் பாத்தி மிதிக்க சகாயமேரி இறங்குகிறாள். அவன் வரப்பில் உட்கார்ந்து சாக்கு தைக்கிறேன் என்கிறான். நான் தபால் பெட்டிக்குப் போய்விட்டு வந்து அவளோடு மிதிப்பேன்.

பதில் வராது என்று எனக்குத் தெரியும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு இதையே திரும்ப எழுதுவேன், அதற்கடுத்த ஞாயிறும். கையெழுத்தாவது நேராகும்.