கண் எழுதாத மாதாவும் நம் வீட்டுக் கண்ணாடியும்

இஞ்சாரும் சிவமலர்,

துறைமுகக் கரை மாதாவுக்குக் கண் எழுத நீர்கொழும்பிலிருந்து ஆள் வருவது உறுதியாகிவிட்டது. நேற்றுக் காலைப் பூசை முடிந்ததும் பங்குத் தந்தை என்னிடம் நேரில் சொன்னார். கோயிலைக் கூட்டித் துடைக்கிற பிலோமினாவிடமும் கேட்டேன், அவவும் அதையே சொன்னா. இரண்டு பேர் சொன்னபிறகுதான் உமக்கு எழுதுகிறேன். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு நான் எழுத மாட்டேன் என்பது உமக்குத் தெரியும்.

நீர் அந்தச் சுரூபத்துக்கு அங்கியின் நீலம் பூசி, கைகளுக்குத் தோல் நிறம் கொடுத்து, உதடு வரைக்கும் முடித்திருந்தீர். முகத்தில் கண் மட்டும் மிச்சம். "அடுத்த கிழமை நல்ல வெளிச்சத்தில கீறுறன்" என்றீர். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் இருந்தீர். அதற்கடுத்த கிழமை நீர் இல்லை; எனக்குச் செய்தி சொல்ல வீட்டில் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை.

மாதாவின் முகத்தைப் பிலோமினா ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருக்கிறா. "கண் இல்லாத முகத்தைப் பாக்க ஏலாது ஐயா, நெஞ்சு பதறுது" என்கிறா. நான் பின்னேரங்களில் போய், கடைசி வரிசையில், பின் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். சில நாள் காற்று அடித்துத் துணி விலகும். வெள்ளையாய் இரண்டு இடம் தெரியும். எனக்கு நெஞ்சு பதறுவதில்லை. அந்த வெள்ளை நீர் நிறுத்திய இடம். அதன்மேல் இன்னொருவர் தூரிகை பட்டால் நீர் செய்துகொண்டிருந்த வேலை முடிந்துவிடும். முடியாமலே இருக்கட்டும் என்று நினைப்பது சரியா, சொல்லும்?

இந்த ஊரில் உம்மைச் சித்திர ரீச்சர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் விட்டால் சைவக் கோவில் வாகனங்களுக்கு வர்ணம் பூசப் போவீர். கடல் ஊருக்குள் வந்து போன பிறகுதான் மாதா கோயில்காரர் உம்மைத் தேடி வந்தார்கள். உப்புத் தண்ணீரில் சுரூபத்தின் வர்ணம் முழுக்க உரிந்திருந்தது. ஒரு சைவப் பெண் மாதாவுக்கு முகம் எழுதலாமா என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. எழுதத் தெரிந்தவர் இருக்கிறாரா என்பதே அன்று கேள்வி.

அந்தக் காலையை நான் மறந்தால்தானே. கிணற்றடியில் நின்று சவரம் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு கன்னம் முடிந்தது, மற்றதில் நுரை. மாதா கோயிலிலிருந்து நீர் எனக்குப் போன் எடுக்கிறீர்.

"இஞ்சாருங்கோ, உங்கட சேவ் எடுக்கிற கண்ணாடியைக் கழட்டிக்கொண்டு கெதியா வாங்கோ."

"ஏனப்பா? அங்க ஆர் சேவ் எடுக்கிறது?"

"கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. கண் கீறப் போறன்."

நுரையை வழித்துவிட்டு, அரைக் கன்னத்தோடு, கண்ணாடியைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். மீன் காயவைக்கிற வாடியடியில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். "ரிப்போட்டர் ஐயாவுக்கு அலங்காரம் பாதியில நிக்குது" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்த சிரிப்பு கோயில் வாசல் வரைக்கும் கேட்டது.

சைவக் கோவிலில் சிலைக்குக் கண் திறந்தால் முதலில் கண்ணாடியைக் காட்டுவார்கள், பிறகு கன்றோடு பசுவை, நெல்லை. அதன்பிறகுதான் மனிதர் எதிரே போகலாம். நீர் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். மாதாவுக்கும் அப்படிச் செய்யாமல் உமக்குக் கை ஓடவில்லை. "முதல் பார்வை ஆரிலயும் படக்கூடாது, தாங்க ஏலாது" என்றீர். கண்மணிக்குக் கறுப்பு வைத்ததும் ஒதுங்கி நின்று கண்ணாடியை அந்த முகத்துக்கு நேரே பிடித்தீர். மாதா முதலில் தன்னைத்தான் பார்த்தா.

உம்மைப் பொறுத்தவரை அது அவ்வளவுதான். ஆனால் வாசலில் நின்ற பெண்கள் அதை ஒரு முறையாகவே எடுத்துக்கொண்டார்கள். சில வருடம் கழித்து உப்புக் காற்றில் வர்ணம் மங்கி, திரும்ப நீர் எழுதப் போனபோது, "ரீச்சர், கண்ணாடி எங்க?" என்று அவர்களே கேட்டார்கள். அதற்கடுத்த முறை கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மெழுகுதிரி. பிறகு ஒரு முறை, மாதா தன்னைப் பார்த்து முடிந்ததும், பிலோமினா கண்ணாடியை உம்முடைய கையிலிருந்து வாங்கிக் கடல் பக்கம் திருப்பினா.

"என்ன செய்யிறீங்கள் பிலோமினா?" என்று நீர் கேட்டீர்.

"கடலைக் காட்டுறன் ரீச்சர். நேர பாத்தா அவவுக்கும் பயம்தானே. கண்ணாடிக்குள்ள பாக்கட்டும்."

வீட்டுக்கு வந்து நீர் அன்று சாப்பிடவில்லை. "நான் தொடங்கினதை விட அவ முடிச்சது பெரிசு" என்று மட்டும் சொன்னீர். அந்த நாளிலிருந்து, கண் எழுதுகிற நாட்களில் மாதாவுக்குக் கண்ணாடியில் கடலைக் காட்டும் வரை இந்தக் கரையில் ஒரு வள்ளமும் இறங்குவதில்லை. இதையெல்லாம் நான் செய்தியாக எழுதவில்லை. எழுதியிருந்தால் யாராவது விளக்கம் கேட்டிருப்பார்கள்.

குறிஞ்சாக்கேணி ரஹீம் நானா போன மாதம் வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசல்களில் எழுத்தும் பூங்கொடி வேலையும் செய்கிற அவரோடு நீர் வாதாடாத நாளில்லை. "எங்கட பள்ளியில முகமே இல்ல தங்கச்சி, அதால கண் துறக்கிற கரைச்சலும் இல்ல" என்பார். "எழுத்துக்குக் கண் வேண்டாமோ நானா?" என்று நீர் விடமாட்டீர். "வாசிக்கிறவன்தான் எழுத்துக்குக் கண். அவன் வந்து நிண்டாத்தான் அது துறக்கும்" என்று அவர் ஒரு நாள் சொன்னது எனக்கு ஞாபகம்.

இந்த முறை அவரோடு வாதாட ஆளில்லை. நீர் பால்மாத் தகரத்தில் போட்டு வைத்த தூரிகைகளைப் பார்த்தார். "மாதாட முக்காட்டுக் கரையில பொன் கோடு பாதியில நிக்குது. முகத்தில நான் கை வைக்க ஏலாது. கரையை முடிச்சுத் தரட்டா?" என்று கேட்டார். இரண்டு நாள் வந்து முடித்தார். முகத்திலிருந்த துணியை அவர் விலக்கவே இல்லை. பிலோமினா தேத்தண்ணி கொடுத்தா. நல்ல கோடு, நீர் குறை சொல்ல மாட்டீர்.

பிள்ளை கனடாவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறாள். கண்ணாடிக் கதையைச் சொன்னேன். "அப்பா, இங்க சீனக்காரர் கொண்டாட்டத்தில துணிச் சிங்கம் ஆட்டுறவை. அதுக்கும் ஆட முதல் கண்ணில மை வைக்கினம். வைக்கிற வரைக்கும் அது வெறும் துணி" என்றாள். நான் பல வருடம் முந்தி ஒரு விகாரையில் பார்த்ததை அவளுக்குச் சொன்னேன். புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைப் பார்த்துத் தோளுக்கு மேலால் கண் எழுதினார் ஒருவர். எழுதி முடித்ததும் அவருடைய கண்ணைக் கட்டி வெளியே கூட்டிப்போனார்கள். அன்று வீட்டுக்கு வந்து நான் அதைச் சொன்னதும், "எந்தக் கண்ணை முதல் கீறினவர்?" என்று கேட்டீர். நான் கவனித்திருக்கவில்லை. "நீங்கள் ஒரு ரிப்போட்டரோ!" என்று கிழமைக் கணக்கில் நக்கல் அடித்தீர்.

எல்லா இடத்திலும் மனிதன் தானே ஒரு முகத்தைச் செய்து, தானே அதற்குப் பயப்படுகிறான். அல்லது, அந்தப் பயத்தினாலேயே முகம் செய்யாமல் விடுகிறான். இதை உம்மிடம் சொன்னால் என்ன சொல்லியிருப்பீர்? பதில் இல்லாத வீட்டில் நான் சொல்வதெல்லாம் கொஞ்சம் பெரிய கதையாகக் கேட்கிறது.

சரி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இப்போது இருக்கும் பங்குத் தந்தை புதியவர், மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, நல்ல மனிதர். கண் எழுதுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு என்னை மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"ஐயா, கண்ணாடி காட்டுறது எண்டு ஒண்டு சொல்லினம். பிலோமினாக்கா ஆதிகாலம் தொட்டு இருக்கு எண்டுறா. நான் படிச்ச ஒண்டிலயும் இல்ல. நீங்கள் இந்த ஊர்ச் செய்தியெல்லாம் எழுதினனீங்கள். எப்ப தொடங்கினது எண்டு தெரியுமோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம், சிவமலர். அந்தக் கோயிலில் உம்முடையதென்று இனி இருக்கப்போவது அந்தக் கண்ணாடி ஒன்றுதான். கண்ணை அந்த மனிதர் எழுதிவிடுவார். நீலத்தை உப்புக் காற்று அரித்துவிடும். சொன்னால் கண்ணாடி காட்டுவதும் நின்றுபோகலாம் என்று தெரிந்தே வாயைத் திறந்தேன்.

"தெரியும் ஃபாதர். கடல் வந்த பிறகு. என்ட மனிசி தொடங்கினது. சைவக் கோவில் வழக்கம்."

"ஆர் சொன்னது உங்களுக்கு?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. கண்ணாடி என்னுடையது."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அப்ப இது சைவச் சடங்கு."

"அரைவாசி. கடல் பக்கம் திருப்புறது உங்கட சனத்தின்ட."

"நான் தனிய முடிவெடுக்க ஏலாது ஐயா. ஞாயிறு பூசை முடியப் பங்குச் சபையில வைப்பம். வேணுமெண்டு சொன்னா ஒரு புதுக் கண்ணாடி வாங்கலாம்."

பிலோமினா இதையெல்லாம் விளக்குமாறோடு கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறா. ஃபாதர் உள்ளே போனதும் வந்தா.

"ரிப்போட்டர் ஐயா, உங்கட வாயைச் சும்மா வைச்சிருக்க ஏலாதோ?"

"ஆதிகாலம் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"என்ட கடைசிப் பிள்ளை பிறக்க முந்தி எண்டா எனக்கு ஆதிகாலம்தானே!" பிறகு குரல் இறங்கிற்று. "ரீச்சர் ஒருக்காவும் சொல்லேல்ல, இது தங்கட கோவில் வழக்கமெண்டு."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியளோ?"

அவ விளக்குமாற்றைக் கை மாற்றினா. "புதுக் கண்ணாடியெண்டா நான் பிடிக்க மாட்டன். சபையில எழும்பிச் சொல்லுவன்" என்று போய்விட்டா.

வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்றேன். அந்தக் கண்ணாடியின் கீழ் மூலையில் உம்முடைய பெருவிரல் அடையாளம் இருக்கிறது. கடைசியாகக் கண் எழுதியபோது பட்ட கறுப்பு. துடைக்கப் போன என்னை, "காய்ஞ்சு போச்சு, விடுங்கோ" என்றீர். தினமும் காலையில் அது என் இடக் கன்னத்தின்மேல் விழும். விலகி நின்றுதான் சவரம் செய்வேன். இப்போது விலகுவதில்லை.

அன்றைய செய்தியைப் பத்திரிகைக்கு அனுப்ப முன்னர் உமக்கு வாசித்துக் காட்டுவேன். இப்போது அந்தக் கண்ணாடிக்குச் சொல்கிறேன். பக்கத்து வீட்டார் கேட்டால் என்ன நினைப்பார்கள்? நினைக்கட்டும்.

இன்றைய நிலை இதுதான். சபை ஞாயிறு பூசை முடிந்து கூடும். நீர்கொழும்பு ஆள் திங்கள் காலை வேலை தொடங்குவார். கண்ணாடிக்கு ஓமா இல்லையா என்பது இந்த இரண்டுக்கும் இடையில் தெரியும்.

ஓம் என்றால், திங்கள் காலை ஒரு கன்னத்தோடு நிறுத்திவிட்டு, உம்முடைய விரல் அடையாளத்தைத் துடைக்காமல், கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவேன். பெண்கள் சிரிக்கட்டும். இல்லையென்றால், இரண்டு கன்னத்தையும் முடித்துவிட்டு வெறுங்கையோடு போய்ப் பின் வாங்கில் இருப்பேன். மாதாவின் முதல் பார்வை யாரிலும் படக்கூடாது என்றீரே. கண்ணாடி இல்லாவிட்டால் அது வாசல் பக்கம்தான் வரும். பின் வாங்கு வாசலோடுதான் இருக்கிறது. நான் எழும்ப மாட்டேன்.

கூப்பிட்டவுடன் அரைச் சவரத்தோடு ஓடி வந்த,
உம்முடைய வீட்டுக்காரன்