நான் கொடுக்காத சீட்டு

ஆணியில் தொங்கும் சட்டையில் இன்னும் டீசல் புகை வாடை அடிக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஆர்கெஸ்ட்ரா மேடைக்குப் பக்கத்தில், ஜெனரேட்டரை ஒட்டி நின்றிருந்தேன். துவைக்கப் போடச் சொல்லி வீட்டில் இரண்டு தடவை கேட்டாயிற்று. உனக்கு இதை எழுதி முடிக்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

உனக்கு அந்த வாடை பிடிக்கும். நீடாமங்கலத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும், பாட்டு தொடங்க ஒரு மணி நேரம் முன்பே போய் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டுவதை வேடிக்கை பார்ப்போம். அறுப்பு முடிந்த வயலில்தான் மேடை. நெல்தாள் காலைக் குத்தும். நீ ஸ்பீக்கருக்கு நேரே உட்காருவாய். நான் தள்ளிப் போய்விடுவேன். கேசட்டில் கேட்டுப் பழகிய பாட்டை இவர்கள் சுதி விலகிப் பாடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “அதானே மாப்ள வேணும்” என்பாய். “கேசட்டுல பாடுறவன் செத்தாலும் அதே மாதிரிதான் பாடுவான். மேடையில தப்பு விடுறான் பாரு, அவன்தான் உசுரோட இருக்கான்.” அப்போது சிரித்தேன். இப்போது என் உரக்கடையில் தனியாக இருக்கும்போது அது நினைவுக்கு வந்தால் இன்னொரு விளக்கையும் போட்டுக்கொள்கிறேன்.

நமக்குள் சண்டை வராத ஒரே விஷயம் அந்தப் படத்தின் கேசட். படம் மூன்று நாள்கூட ஓடவில்லை. ஆறு பாட்டு. இசையமைத்தவர் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். குரல் மட்டும் இருட்டில் படி இறங்குவதுபோல் மெதுவாகக் கீழே வரும். படம் ஊத்திக்கொண்டதற்குப் பாட்டு என்ன பாவம் செய்தது என்று இன்றைக்கும் யாரோடு வேண்டுமானாலும் சண்டை போடுவேன். “ஹிட் பாட்டை ஊரே கேக்கும் மாப்ள. இதை நம்ம ரெண்டு பேரும் விட்டுட்டா அதுக்கு யாரு இருக்கா?” என்பாய்.

நீ வளைகுடாவுக்குப் போன பிறகு, கச்சேரியை உனக்குப் போனில் கேட்கவைப்பது என் வேலையாயிற்று. இங்கே ஏழு மணி, அங்கே ஐந்தரை. ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, போனை நெஞ்சின்மேல் வைத்துப் படுத்துக்கொள்வாய். நான் கையைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பேன், தோள் கடுக்கும். ஒரு பாட்டு முடிந்து காதில் வைத்தால் உன் அறை ஏசியின் லொடலொடச் சத்தம். அதற்கு நடுவே உன் குரல்: “நம்ம பாட்டுக்குச் சீட்டு குடுத்தியா?”

சீட்டில் எழுதிக் கொடுத்தால் மேடையில் கேட்ட பாட்டைப் பாடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் கேட்பாய். “குடுத்தேன்டா, அவங்களுக்கு வராதாம்” என்பேன். பொய். ஒரு வருஷம்கூட நான் கொடுக்கவில்லை. சீட்டை வாசிக்கிறவர், எழுதியவன் பெயரையும் மைக்கில் சொல்லி நக்கலடிப்பார். ஊத்திக்கொண்ட படத்துப் பாட்டைக் கேட்டவன் என்று, மறுநாள் கடைக்கு யூரியா வாங்க வருகிறவனெல்லாம் கேலி பேசுவான். அந்த வெட்கத்துக்குப் பயந்து ஒன்பது வருஷம் உன்னிடம் புளுகினேன். “சரி, அடுத்த வருஷம் பாப்போம்” என்பாய்.

அடுத்த வருஷம் நீ இல்லை. தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று கம்பெனியிலிருந்து சொன்னார்கள். அங்கேயே அடக்கம். முகம் பார்க்கவில்லை, அதனாலோ என்னவோ நீ போனது என் கைக்குத் தெரியவில்லை. அந்த மாசித் திருவிழாவில் முதல் பாட்டு தொடங்கியதும் விரல் தானாக உன் எண்ணை அழுத்திவிட்டது. இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

ஹலோ இல்லை. அதே ஏசி, அதே லொடலொட. துண்டிக்கத் தோன்றாமல், பயத்தில் கை மேலே போயிற்று. மூன்று பாட்டு தூக்கிப் பிடித்தேன். அந்தப் பக்கம் யாரும் வைக்கவில்லை. போன வருஷமும் அப்படியே. “யாருங்க?” என்று கேட்டேன், அரைகுறை இந்தியிலும் கேட்டேன். யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

உன் மனைவியிடம் சொன்னேன். “அது கம்பெனி நம்பருண்ணே. வேற ஆளுக்குக் குடுத்திருப்பாங்க” என்று சாதாரணமாகத்தான் சொன்னார். டீயை வைத்துவிட்டு உள்ளே போனவர் திரும்பி வந்தார். “நானும் ஒரு தடவ அடிச்சேன். எடுத்தாங்க, பேசல. புள்ளைங்க நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டேன். நீங்க இனிமே அடிக்காதீங்கண்ணே.”

அடிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பொய் என்னை விடவில்லை. ஒரு தடவையாவது நிஜமாகக் கேட்டுவிட வேண்டும் என்று நேற்றுச் சீட்டு எழுதினேன், என் பெயரோடு. எப்போதும் வருகிற அதே குழுதான். கீபோர்டு வாசிக்கும் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். சிரிக்கப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“சார், இது எனக்கு உசுரான பாட்டு. எப்பவோ பிராக்டீஸ் பண்ணி வச்சிருக்கோம். பத்துப் பன்னெண்டு வருஷமா இந்த ஊருக்கு வர்றோம், ஒருத்தர்கூட கேக்கல.”

ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதைக்கூட உனக்காகச் செய்யவில்லை நான்.

பாடத் தொடங்கினார்கள். உன் எண்ணைப் போட்டேன். எடுத்தார்கள். தூக்கிப் பிடித்தேன். வாத்தியங்கள் நின்று குரல் மட்டும் இறங்கிய இடத்தில், பாடிய பெண்ணுக்குச் சுதி கொஞ்சம் விலகியது. எனக்கு முதல் முறையாக அது தப்பாகத் தோன்றவில்லை. வயலில் ஒருவர்கூட விசில் அடிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் போனைக் காதில் வைத்து, யார் என்னவென்று பார்க்காமல் சொல்லிவிட்டேன்.

“இத்தன வருஷமும் நான் சீட்டே குடுக்கலடா. பொய் சொன்னேன்.”

ஏசிச் சத்தம் நின்றது. யாரோ எழுந்து போய் அணைத்திருக்க வேண்டும். பிறகு தாழ்ந்த குரலில், தமிழில், “தெரியும்” என்று வந்தது. வைத்துவிட்டார்கள்.

உன் குரல்தானா என்று கேட்டால் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த ஒரு சொல்லைத்தான் நேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு திரிகிறேன். உன்னோடு அந்த அறையில் இருந்த நம் பக்கத்து ஆள் யாராவது இருக்கலாம். நீ சொல்லி அவனுக்குத் தெரிந்திருக்கலாம். அப்படியென்றால், நான் புளுகுகிறேன் என்று தெரிந்தே ஒன்பது வருஷமும் கேட்டிருக்கிறாய். என்றைக்காவது கொடுப்பேன் என்று, ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் காத்திருந்திருக்கிறாய். அப்படி இல்லையென்றால், பேசியது நீயேதான்.

இரண்டில் எதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது தெரியுமா? முதலாவதை நினைத்தால்தான்.