டேரிலுக்கு உயிர் கிடைத்துவிட்டது, மாமி

என் செல்ல மாமிக்கு,

முதலில் நல்ல சேதி. டேரிலைக் கொல்ல மாட்டார்கள். மரண தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றிவிட்டார்கள். கேட்டதும், இங்கே சுவிஸில் நான் வேலை செய்கிற டீட்டிகோன் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஈரப் போர்வையைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். நானா? ஓம் மாமி, நானேதான்.

நீங்கள் தமிழில் சொல்ல, நான் அரைகுறை ஆங்கிலத்தில் எழுத, முகம் தெரியாத அவருக்கு அந்த அமெரிக்கச் சிறைக்கு எத்தனை கடிதங்கள் அனுப்பினோம்! அவர் செய்தது கொலைதான். "அதை நீயும் மறக்காதை, அவனும் மறக்கக் கூடாது" என்பீர்கள். ஆனால் முதல் வழக்கில், அவரை ஒருமுறைகூடச் சந்திக்காத மனநல மருத்துவர் ஒருவர், "இவன் நிச்சயம் மறுபடியும் கொல்வான்" என்று சாட்சி சொன்னார். அதை நம்பித்தான் மரண தண்டனை விதித்தார்கள். "பாக்காத ஆளைப் பற்றி என்னெண்டு சொல்லுறது? அவர் என்ன சாத்திரம் சொல்லுறவரோ?" என்று கொதித்தீர்களே.

மறுவிசாரணையில் வேறொரு மருத்துவர் வந்தார். டேரிலோடு பலநாள் இருந்து கதைத்தவர். நாளை ஒருவர் என்ன செய்வார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் சிறையில் இத்தனை வருடமும் இவர் ஒருவரையும் அடித்ததில்லை என்றார்.

பிறகு, கடிதத்தில் அவரோடு பழகியவர் என்று டேரிலின் வழக்கறிஞர்கள் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். நீங்கள்தான் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களே. உங்களுக்குப் பதிலாக வீடியோவில் நான் சாட்சி சொல்ல உட்கார்ந்தேன்.

"ஆபத்தான ஆளை உன்னால் கண்டுபிடிக்க முடியுமா?" என்று அரசுத்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். மொழிபெயர்த்த தமிழ்நாட்டு அக்கா, "பயப்படாம சொல்லும்மா" என்றார்.

"எனக்கு எல்லாரையும் கண்டாப் பயம். ரயிலில டிக்கெட் பாக்கிறவர், எங்கட மேனேஜர், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி... டேரில் அண்ணையை நினைச்சா மட்டும் பயமில்லை."

அக்கா ஆங்கிலத்தில் சொல்லி முடித்த பிறகுதான் நீதிமன்றம் சிரித்தது. நீதிபதியும்தான்! டேரில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரித்தாரா, அழுதாரா, மாமி? டேரில் கொன்றவரின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்காகவும் சாமியறையில் விளக்கேற்றினேன்.

டேரில் இனி மாதம் ஒருமுறை தொலைபேசியில் கதைக்கலாமாம். மணி அடித்தால் அப்பாவிடம் போனைத் தள்ளிவிட்டு ஓடுகிற நான், அவருடைய அழைப்பை நானே எடுப்பேன். முதலில், "சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பேன். நீங்களும் அதைத்தானே கேட்டிருப்பீர்கள்? சத்தியமாக எடுப்பேன், மாமி.

உங்கள் தம்பியின் மகள்,
உங்கள் பயந்தாங்கொள்ளி மருமகள்,
கவிஷா